கம்பெனி மூடினதுக்கு உங்க முடிவா காரணம்?

வணக்கம் சார்,
ஒம்பது வருஷம் பார்த்த வேலைய விட்டுட்டு ஒரு சின்ன கம்பெனில சேர்ந்தேன், ஆறே மாசத்துல மூடிட்டாங்க. இப்போ ரெண்டு ஆஃபர் கையில இருக்கு, ஆனா முடிவெடுக்கவே பயமா இருக்கு. எதை எடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க.
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கம்பெனி மூடினது கெட்ட நேரம், அதனாலயே சேர்ந்தது தப்பான முடிவுன்னு ஆயிடாது. சேர்றப்போ உங்களுக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சு, யார்கிட்ட விசாரிச்சீங்க, எத்தனை மாச சம்பளத்துக்கு அவங்க கையில பணம் இருக்குன்னு கேட்டீங்களா, இத வெச்சு தான் எடை போடணும். கேக்காம விட்டிருந்தா அது தப்பு தான், இந்தத் தடவை கேளுங்க. கேட்டும் இப்படி ஆச்சுன்னா உங்கள நீங்களே திட்டிக்கறதுல நியாயமே இல்ல.

1772ல ஜோசப் ப்ரீஸ்ட்லிங்கற விஞ்ஞானிக்கும் ஷெல்பர்ன் பிரபு கிட்டேர்ந்து ஒரு வேலை வந்துச்சு, போகலாமா வேண்டாமான்னு அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் கிட்ட கேட்டாரு. அவரு எதை எடுன்னு சொல்லவே இல்ல, எப்படி முடிவெடுக்கறதுன்னு மட்டும் எழுதினாரு: பேப்பர் நடுவுல ஒரு கோடு, ஒரு பக்கம் சாதகம், ஒரு பக்கம் பாதகம், மூணு நாலு நாள் அப்பப்போ தோணுறத எழுதிக்கிட்டே வா, அப்புறம் ரெண்டு பக்கமும் சமமா நிக்கறத அடிச்சுட்டு மிச்சம் எந்தப் பக்கம்னு பாரு. நாம அந்தக் கோட்ட மட்டும் பிடிச்சுக்கிட்டு மூணு நாலு நாள விட்டுட்டோம், எனக்கு அந்த நாள்கள் தான் உயிர்னு படுது. எல்லா காரணமும் ஒரே நேரத்துல மனசுக்கு வராதுன்னு அவரே சொல்றாரு. ராத்திரி பயம் மட்டும் தெரியும், காலைல சம்பளம் மட்டும் தெரியும், ரெண்டும் ஒரே பேப்பர்ல வந்தா தான் ஒப்பிட முடியும். ப்ரீஸ்ட்லி அந்த வேலைக்குப் போனாரு, அங்க இருந்தப்போ தான் 1774ல ஆக்ஸிஜன பிரிச்சு எடுத்தாரு, அத யாரும் முன்கூட்டியே சாதகம் பக்கத்துல எழுதியிருக்க முடியாது.

நான் கூட சேர்த்துக்கறது ஒண்ணு தான், பேப்பர்ல தேதி போட்டு பத்திரமா வைங்க. நடந்து முடிஞ்சப்புறம் “இது எனக்கு அப்பவே தெரியும்”னு மனசு கதை மாத்தும், இப்போ உங்கள வாட்டறதும் பாதி அது தான்.

எந்த ஆஃபர்னு நானும் சொல்லப் போறதில்ல, உங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது. ரெண்டு பேர்கிட்டயும் ஒரு வாரம் டைம் கேளுங்க. எழுதினத அனுப்புங்க, கண்டிப்பா உக்காந்து படிக்கறேன்.