அந்தத் தம்பியிடம் சொல்லிவிட்டீர்களா?

கேள்வி: எனக்கு 34 வயது. சொந்த ஊர் காயல்பட்டினம். பத்து வருடமாக டொராண்டோவில் இருக்கிறேன். நான் ஆண்களை விரும்புகிறவன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒருவரோடு ஆறு வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறேன். நோன்பு விட்டதில்லை, தொழுகையும் முடிந்தவரை விடுவதில்லை. ஆனால் என் தொழுகை ஏற்கப்படுமா என்ற பயம் தூங்க விடுவதில்லை. போன வருடம் உம்மா வந்து மூன்று மாதம் தங்கினார். அப்போது என்னோடு வாழ்கிறவர் ஒரு நண்பரின் பேஸ்மென்டில் இருந்துகொண்டார். வாடகைக்குச் சேர்ந்திருப்பவர் என்றுதான் உம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது உம்மா ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறார், ஊரெல்லாம் போன் போட்டு மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்கிறார். என் ரூம்மேட்டைக்கூட விடவில்லை. "அந்தத் தம்பி வூட்டுல மூணு மாசம் இருந்துட்டேன், அதுகிட்டயும் மாப்புக் கேட்டதாச் சொல்லு" என்கிறார். உம்மா கிளம்புவதற்குள் என் நிக்காஹ்வைப் பேசி முடிக்க வேண்டும் என்று லாத்தா (அக்கா) நெருக்குகிறார். மார்க்கம், குடும்பம், இவர். எதை விடுவது?
– பெயர் வேண்டாம், ஸ்கார்பரோ

பதில்: எதை விடுவது என்பதை அப்புறம் பார்க்கலாம் தம்பி. உம்மா கேட்ட மாப்பை அவரிடம் சேர்த்துவிட்டீர்களா?

சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அவர் என்ன சொன்னார் என்றும் எழுதியிருப்பீர்கள். உங்களுக்கு அது உம்மாவின் வெகுளித்தனம், கடிதத்தில் சிரிப்புக்கு ஒரு வரி. ஒருவர் ஸலாம் சொல்லியனுப்பினாலே அது அமானிதம், உரியவரிடம் சேர்க்க வேண்டிய பொறுப்பு என்று சின்ன வயதில் மதரஸாவில் ஓதியிருப்பீர்களே. மாப்பு அதைவிடச் சின்னதா?

என் உம்மம்மா கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனவர். பம்பாய் ரயிலுக்கு இரண்டு நாள் முன்னால், உச்சி வெயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு மீன்காரம்மா வீட்டுக்குப் போனார். எட்டணா பாக்கி இருக்குமோ என்று ஒரு சந்தேகம். மீன்காரம்மாவுக்கு நினைவே இல்லை, சிரித்தாள். உம்மம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாயை அவள் கையில் வைத்து, "பொருந்திக்கிட்டேன்னு வாயால சொல்லு" என்று நின்றார். சொன்ன பிறகுதான் திரும்பினார். அல்லாஹ்வுக்கு வைத்த பாக்கியை அவன் நாடினால் மன்னிப்பான். மனுஷனுக்கு வைத்த பாக்கியை அந்த மனுஷன்தான் பொருந்திக்கொள்ள வேண்டும். நீங்கள் முதல் பாக்கியை நினைத்துத் தூக்கம் கெடுகிறீர்கள். இரண்டாவது ஒன்று இருப்பதே உங்கள் நினைவில் இல்லை.

"பேஸ்மென்டில் இருந்துகொண்டார்" என்று எழுதுகிறீர்கள், அவராக ஆசைப்பட்டுப் போனது போல. அனுப்பியது நீங்கள். ஆறு வருடம் வாழ்ந்த வீட்டிலிருந்து அவருடைய பல் பிரஷ், செருப்பு, போட்டோ எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து மறைத்தது நீங்கள். 1995 அக்டோபரில் போர் நெருங்கியபோது யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அவர் வீட்டிலும் அந்தக் கதை இருக்கும். அப்படிப்பட்டவரை மறுபடி ஒரு பையோடு வெளியே அனுப்பிவிட்டு, அந்த வீட்டில் முஸல்லாவை விரித்து, என் தொழுகை கூடுமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

உம்மாவின் வார்த்தையை இன்னொரு தடவை படியுங்கள். "அந்தத் தம்பி வூட்டுல." உங்கள் வீட்டில் அவர் வாடகைக்கு இருக்கிறார் என்பது நீங்கள் சொன்ன கதை. உம்மா அதை அவருடைய வீடு என்கிறார். மூன்று மாதம் அந்த அடுப்படியில் நின்றவர், அலமாரியில் இருந்த யாழ்ப்பாணத்துத் தூளைப் போட்டுத்தான் மீன் ஆணம் வைத்திருப்பார். நாற்பது வருடம் சமைத்த பெண்ணுக்கு ஒரு அடுப்படி யாருடையது என்று தெரியாதா? எல்லாம் தெரியும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தன்னால் ஒருவர் வீடிழந்து இருந்தார் என்பது தெரியும். அது உங்களுக்குத் தெரியவில்லை.

மார்க்கத்தைப் பற்றி மழுப்ப மாட்டேன். நான் ஆலிமும் இல்லை. ஆணோடு ஆண் கூடுவது ஹராம் என்பதுதான் நான்கு மத்ஹபின், அதாவது நான்கு மார்க்கச் சட்டப் பிரிவுகளின் நிலை. லூத் நபியின் கூட்டத்தார் விருந்தாளிகள் மேல் பலாத்காரமாகப் பாய்ந்ததே அந்த வரலாற்றில் குற்றம் என்று வாசிக்கிற அறிஞர்களும் இன்று இருக்கிறார்கள், கொஞ்சம் பேர். எதை ஏற்பது என்பது உங்களுக்கும் ரப்புக்கும் நடுவில். ஆனால் பாவி தொழக் கூடாது என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை. உங்களைப் போன்ற முஸ்லிம்களுக்காக உங்கள் டொராண்டோவிலேயே 1991ல் 'சலாம்' தொடங்கினார்கள். 2009 முதல் எல்-தவ்ஹீத் என்று ஒரு ஜும்ஆ கூட்டமும் நடக்கிறது. அங்கே பெண்களும் முன்நின்று தொழவைக்கிறார்கள். எனக்கு அது பழக்கமில்லாத காட்சிதான். போய்ப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் திரும்பி வாருங்கள். பயப்படாதே என்றும் சொல்ல மாட்டேன். தான் ஒருபால் உறவாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன தென்னாப்பிரிக்க இமாம் முஹ்ஸின் ஹென்ட்ரிக்ஸை 2025 பிப்ரவரியில் காரில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பயத்தின் விலையை இன்னொருவர் தலையில் கட்டுவதற்குக் காரணம் இல்லை.

நிக்காஹ் பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. கூடாது. உங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். மகளுக்கென்று ஒரு வீட்டைக் கட்டி வைக்க அவள் வாப்பா எத்தனை வருடம் வெளிநாட்டில் கிடந்தாரோ. அந்த வீட்டில் நாற்பது நாள் மாப்பிள்ளையாக இருந்துவிட்டு விமானம் ஏறிவிடுவீர்கள். "என்னிடம் என்ன குறை?" என்று கேட்டு இப்படிப்பட்ட மனைவிமார் எழுதிய கடிதங்கள் இந்த மேசைக்கு எத்தனையோ வந்துவிட்டன. இன்னொன்றைப் படிக்க எனக்குத் தெம்பில்லை. கனடாவில் 2005லேயே ஒருபால் திருமணத்துக்குச் சட்டம் வந்தது, இந்தியாவில் 2018 செப்டம்பரில் ஒருபால் உறவு குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது என்றெல்லாம் லாத்தாவிடம் வாதாட வேண்டாம். ஒரு பெண்ணை ஏமாற்ற என்னால் முடியாது என்று இந்த வாரமே சொல்லுங்கள். அழுவார், திட்டுவார். கேட்டுக்கொள்ளுங்கள், போனை வைத்துவிடாதீர்கள்.

குடும்பத்தை உதறிவிட்டு வா என்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. உம்மாவைப் பார்ப்பது மகனின் கடமை, கடைசிவரை. அதற்காக ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம். உங்கள் நெஞ்சு லேசாக வேண்டும் என்பதற்காக அந்தப் பாரத்தை உம்மா தலையில் ஏற்றாதீர்கள். ஆனால் அடுத்த தடவை உம்மா வரும்போது அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே போகக் கூடாது.

இன்று ராத்திரி அவர் வேலை முடிந்து வந்ததும் உம்மா சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் சொல்லுங்கள், அந்த "வூட்டுல" உட்பட. உம்மாவை அவர் உடனே பொருந்திக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். உங்களைப் பொருந்திக்கொள்ள நாளாகலாம், அதையும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் சொன்ன பதிலை, உம்மா சென்னைக்கு வண்டி ஏறுவதற்குள் போன் போட்டுச் சொல்லுங்கள். கடிதம் முழுக்க நீங்கள் அவர் பெயரைச் சொல்லவே இல்லை. உம்மாவிடம் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். ரூம்மேட் என்று சொல்லாதீர்கள்.