ஹாம்லெட் ஏன் இவ்வளவு யோசித்தான்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஷேக்ஸ்பியரின் "ஹாம்லெட்" நாடகத்தில், டென்மார்க் இளவரசன் ஹாம்லெட்டிடம் இறந்துபோன அப்பாவின் ஆவியே வந்து, "உன் சித்தப்பா கிளாடியஸ்தான் என்னைக் கொன்றான், பழி வாங்கு" என்று சொல்லிவிட்டது. அதற்கப்புறமும் ஹாம்லெட் யோசித்துக்கொண்டே இருந்தது கோழைத்தனம்தானே?

பதில்: நான் அப்படிப் பார்க்கவில்லை. ஹாம்லெட்டின் அப்பாவான பழைய ராஜா தோட்டத்தில் தூங்கும்போது பாம்பு கடித்து இறந்தார் என்றுதான் டென்மார்க்கே நம்புகிறது. இப்போது கிளாடியஸ்தான் ராஜா. ஹாம்லெட்டிடம் வேறு சாட்சி கிடையாது. வந்தது அப்பாவா, அப்பா உருவத்தில் வந்த பிசாசா என்று அவன் தயங்குகிறான். அந்தக் காலத்து ஐரோப்பாவில் அது நியாயமான சந்தேகம். இந்த நாடகத்துக்கு மூலமான, சாக்ஸோ கிராமாட்டிகஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்த பழைய டேனிஷ் கதையில் கொலை ஊரறிந்த விஷயம். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் அது ரகசியம். அதனால் தீர விசாரித்தே ஆக வேண்டும்.

கேள்வி: யோசித்ததால் உருப்படியாக ஏதாவது நடந்ததா?

பதில்: நடந்தது. அரண்மனைக்கு வந்த நாடகக் குழுவை, தூங்கும் மனிதனின் காதில் விஷம் ஊற்றும் கதையை நடிக்கச் சொல்கிறான். தானே சில வரிகளையும் சேர்க்கிறான். தன் கண்ணை மட்டும் நம்பாமல், "நீயும் சித்தப்பா முகத்தையே கவனி" என்று நண்பன் ஹொரேஷியோவிடம் சொல்லிவைக்கிறான். விஷக் காட்சியில் கிளாடியஸ் எழுந்து, விளக்கு கேட்டுப் போய்விடுகிறான். சந்தேகம் தீர்ந்தது.

கேள்வி: அப்படியென்றால் யோசனை எங்கேதான் அவனைக் கெடுத்தது?

பதில்: அதே இரவில். கிளாடியஸ் தனியாக மண்டியிட்டுப் பிரார்த்திக்கிறான். பின்னால் வந்த ஹாம்லெட் வாளை உருவிவிட்டு நிற்கிறான். இப்போது கொன்றால் இவன் சொர்க்கத்துக்குப் போய்விடுவானே, என் அப்பாவுக்குப் பாவமன்னிப்பு கேட்கக்கூட நேரம் கிடைக்கவில்லையே, குடித்துக் கிடக்கும்போது கொல்லலாம் என்று திரும்பிவிடுகிறான். அவன் போனதும் கிளாடியஸ் எழுந்து, வார்த்தை மேலே போகிறது, மனம் கீழேயே கிடக்கிறது என்கிறான். அந்தப் பிரார்த்தனையே பலிக்கவில்லை!

"இவன் கொலை செய்தானா?" என்பதை விசாரித்துக் கண்டுபிடிக்கலாம். "இவன் ஆன்மா எங்கே போகும்?" என்பதை எந்த மனிதனும் கண்டுபிடிக்க முடியாது. முதல் கேள்வி அவனுக்கு உதவியது, இரண்டாவது அவன் கையைக் கட்டிப்போட்டது.

அடுத்து அம்மாவின் அறையில் திரைக்குப் பின்னால் சத்தம் கேட்கிறது. யாரென்று பார்க்காமலே குத்துகிறான். செத்தது, அவன் காதலித்த ஒஃபீலியாவின் அப்பா போலோனியஸ். அவள் புத்தி பேதலித்து நீரில் மூழ்குகிறாள். அவள் அண்ணன் லேயர்டீஸ் பழி வாங்கக் கிளம்புகிறான். யோசிக்காத அந்த ஒரு நொடிதான் பெரிய நாசத்தைக் கொண்டுவந்தது. "அதிகம் யோசித்துக் கெட்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கேள்வி: லேயர்டீஸ் மாதிரி உடனே இறங்கியிருந்தால்?

பதில்: லேயர்டீஸ் கதியைப் பாருங்கள். ஹாம்லெட்டைத் தேவாலயத்திலேயே வைத்துக் கழுத்தை அறுப்பேன் என்கிறான். அந்த ஆத்திரத்தைத்தான் கிளாடியஸ் பயன்படுத்திக்கொள்கிறான். விஷம் தடவிய வாளோடு ஹாம்லெட்டுடன் வாள் போட்டிக்கு இறங்கி, அதே வாளால் சாகிறான்.

கேள்வி: கடைசியில் ஹாம்லெட் மாறுகிறானா?

பதில்: கிளாடியஸ் அவனை இங்கிலாந்துக்கு அனுப்பும் கப்பலில் மாறுகிறான். தூக்கம் வராமல், இருட்டில் தடவிப் போய், கூட வந்தவர்களிடமிருந்த அரசுக் கடிதத்தைப் பிரிக்கிறான். இங்கிலாந்தில் இறங்கியதும் தன் தலையை வெட்டச் சொல்லும் உத்தரவு! உடனே வேறு கடிதம் எழுதி, அப்பாவின் முத்திரை மோதிரத்தால் முத்திரை வைக்கிறான். இறுதிக் காட்சியில், சபை நடுவே லேயர்டீஸே "ராஜாதான் காரணம்" என்று சொன்னதும் கிளாடியஸை முடிக்கிறான். ஆனால் அதற்குள் அவனுக்கு வைத்திருந்த விஷக் கோப்பையைக் குடித்து அம்மா இறந்துவிட்டாள், லேயர்டீஸின் வாள் பட்டு ஹாம்லெட் உடம்பிலும் விஷம் ஏறிவிட்டது.

கேள்வி: தன் யோசனையைப் பற்றி அவனே ஏதாவது சொல்கிறானா?

பதில்: சொல்கிறான், கடுமையாகவே. துண்டு நிலத்துக்காகச் சாகப் போகும் நார்வே இளவரசன் ஃபோர்ட்டின்பிராஸின் படையைப் பார்த்து, தன் யோசனையை நான்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் அறிவு, மூன்று பங்கு கோழைத்தனம் என்று தன்னையே திட்டிக்கொள்கிறான். நாடகத்தின் 1604-05 பதிப்பில் இருக்கும் இந்தத் தனிமொழி, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 தொகுப்பில் இல்லை. உங்கள் கையில் இருக்கும் பிரதியில் நான்காம் அங்கம், நான்காம் காட்சியைப் பாருங்கள். அந்தக் கணக்கு அவனுக்கே அநியாயம் என்பது என் கருத்து.