நரம்பு செல்கள் இறப்பதில் மைட்டோகாண்ட்ரியாவின் பங்கு என்ன? அவற்றைக் காக்க மாத்திரை உண்டா?

உயிர்வேதியியல் கற்பிப்பவன் என்பதால், இந்தக் கேள்வியை மாணவர்களைவிடப் பார்கின்சன் நோயாளிகளின் குடும்பத்தாரிடமிருந்தே அதிகம் கேட்கிறேன். மாத்திரை பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தருகிறது என்று பள்ளியில் படித்தது பாதி உண்மைதான். நரம்பு செல் பிழைப்பதா சாவதா என்பதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். ஆனால் ஓய்வில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் பம்புகளே அதில் பெரும்பங்கைத் தின்கின்றன. பக்கவாதத்தில் ரத்தம் தடைபட்டால் செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி தீர்ந்து பம்புகள் நிற்கின்றன. நரம்பு செல்கள் ஒன்றையொன்று தூண்டப் பயன்படுத்தும் குளூட்டமேட் செல்களுக்கு வெளியே குவிகிறது. அது செல் சவ்வில் வாயில்கள் போல இருக்கும் என்எம்டிஏ ஏற்பிகளைத் திறந்துவிட, கால்சியம் உள்ளே பாய்கிறது.

அந்தக் கால்சியத்தை மைட்டோகாண்ட்ரியா உறிஞ்சிக்கொள்கிறது. ஓரளவு வரை அது செல்லைக் காப்பாற்றும் செயல். அளவு மீறும்போது உட்சவ்வில் துளை திறக்கிறது, மின்னழுத்தம் போய்விடுகிறது, மைட்டோகாண்ட்ரியா வீங்கி வெடிக்கிறது. தாக்குதல் சற்று மிதமாக இருந்தால் பேக்ஸ், பேக் என்ற புரதங்கள் வெளிச்சவ்வில் வழி திறக்க, சைட்டோகுரோம் சி வெளியேறுகிறது. உள்ளே இருந்தவரை எலக்ட்ரான்களைக் கடத்தி உயிர் கொடுத்த அதே மூலக்கூறு, வெளியே வந்ததும் காஸ்பேஸ் நொதிகளை எழுப்பி செல்லைத் துண்டாடவைக்கிறது. எத்தனை முறை பாடம் எடுத்தாலும் இந்த இடத்தில் எனக்கு வியப்பு குறைவதே இல்லை.

பார்கின்சனுக்கு வருவோம். 1982இல் கலிபோர்னியாவில் போதை ஊசி போட்டுக்கொண்ட சில இளம் வயதினர் பார்கின்சன் நோயாளிகளைப் போலத் திடீரென அசைய முடியாமல் போனார்கள். அந்த மருந்தில் கலந்திருந்த எம்பிடிபி என்ற வேதிப்பொருள், மூளையில் வேறொரு நச்சாக மாறி, அசைவுகளைக் கட்டுப்படுத்த உதவும் டோபமினைச் சுரக்கும் செல்களுக்குள் புகுந்து, மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் கடத்தல் சங்கிலியில் முதல் புரதத் தொகுதியை முடக்கியிருந்தது. பின்னர், இளவயதில் வரும் பரம்பரைப் பார்கின்சனில் பிங்க்1, பார்க்கின் மரபணுக்கள் பழுதாவது தெரியவந்தது. கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவை அடையாளம் கண்டு அப்புறப்படுத்துவது இவற்றின் வேலை. நரம்பு செல் பொதுவாகப் பிரிந்து புதுப்பித்துக்கொள்வதில்லை. உள்ளே சேரும் பழுதை அதுவே வாழ்நாள் முழுக்கச் சமாளிக்க வேண்டும்.

அப்படியானால் செல்லில் ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை உதவ வேண்டுமே? மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களைக் கடத்தும் ஆன்டிஆக்சிடன்டான கோஎன்சைம் க்யூ10 பற்றி எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை இருந்தது. 600 பார்கின்சன் நோயாளிகளிடம் நாளொன்றுக்கு 1200, 2400 மில்லிகிராம் அளவுகளில் சோதித்தார்கள். 2014இல் வெளியான முடிவு: பயனில்லை. நடுக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே டோபமின் செல்களில் கணிசமான பகுதி போய்விடுகிறது என்பது இதற்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

பயன் தந்தவையும் உண்டு. பிறக்கும்போது ஆக்சிஜன் கிடைக்காமல் மூளை பாதிக்கப்பட்ட குழந்தையை 6 மணி நேரத்துக்குள் குளிர்விக்கத் தொடங்கி, உடல் வெப்பநிலையை 33 முதல் 34 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைத்திருந்தால் இறப்பும் ஊனமும் குறைகின்றன. மைட்டோகாண்ட்ரியா கைவிடுவதற்குச் சற்று முன் கிடைக்கும் இடைவெளியைப் பிடிக்கும் சிகிச்சை இது. லேபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோய்க்கு ஐடெபெனோன் என்ற மருந்தை 2015இல் ஐரோப்பா அனுமதித்தது. அங்கே பழுது நேரடியாக மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவிலேயே இருக்கிறது. பக்கவாதத்தில் அடைப்பை விரைந்து நீக்குவதைவிடச் சிறந்த நரம்புப் பாதுகாப்பு இன்றைக்கு இல்லை.

ஆகவே பார்கின்சனுக்காகக் க்யூ10 வாங்கச் சொல்லமாட்டேன். அந்த அக்கறையை முறையான உடற்பயிற்சியில் காட்டச் சொல்வேன். ஏற்கெனவே சாப்பிடுகிறவர் வார்ஃபரினும் எடுத்துக்கொண்டால் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் அதன் ஆற்றலை க்யூ10 குறைத்துவிடக்கூடும்.