என் புத்தகத்தை நானே விற்கக் கூடாதா?

கேள்வி: தொலைபேசித் துறையில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெரம்பூரில் வசிக்கிறேன். எக்ஸ்சேஞ்ச் நாட்களை வைத்து ஒரு நாவல் எழுதினேன். 2023 செப்டம்பரில் ஒரு பதிப்பகத்திடம் 62,000 ரூபாய் கட்டினேன். 300 பிரதி அடித்து 2024 ஜனவரி புத்தகக் காட்சியில் கொண்டுவந்தார்கள். விலை 250 ரூபாய். எனக்கு 40 பிரதி தந்தார்கள். மேலும் 60 பிரதியை 40 சதவீதக் கழிவில் நான் பணம் கொடுத்து வாங்கினேன். வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்கு 200 ரூபாய்க்கு விற்கிறேன், யூடியூபில் மூன்று அத்தியாயங்களை வாசித்துப் போட்டிருக்கிறேன். இப்போது பதிப்பாளர், "விற்பதை நிறுத்துங்கள், வீடியோவை எடுங்கள், இல்லாவிட்டால் காப்பிரைட் கேஸ் போடுவேன், போலீசுக்குப் போவேன்" என்கிறார். விற்பனைக் கணக்கு ஒருமுறைகூடத் தரவில்லை. வேறு அச்சகத்தில் இரண்டாம் பதிப்பு போடலாமா? இதற்கெல்லாம் ஜிஎஸ்டி எடுக்க வேண்டும் என்று அக்கா மகன் பயமுறுத்துகிறான். என்ன செய்வது?

பதில்:

வணக்கம் அம்மா. நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன்: கையெழுத்துப் போட்ட ஒற்றைத் தாள், 62,000 ரூபாய்க்கான ரசீது, புத்தகத்தின் இரண்டாம் பக்கம். தாளில் "இந்நூலின் பதிப்புரிமை பதிப்பகத்துக்கு உரியது" என்று ஒரே வரி. எத்தனை வருடம், ராயல்டி (விற்பனையில் எழுத்தாளருக்கான பங்கு) எவ்வளவு, எந்த ஊர் எல்லை என்று எதுவும் இல்லை. புத்தகத்திலோ "உரிமை: ஆசிரியருக்கு" என்று அச்சாகியிருக்கிறது. ரசீதில் "புத்தகத் தயாரிப்புச் செலவு" என்று எழுதி சீல் வைத்திருக்கிறார்கள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. உங்கள் பலம் அந்த முட்டலில்தான் இருக்கிறது.

போலீஸ் என்ற சொல் உங்களைத் தூங்கவிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் விற்பனையிலிருந்தே தொடங்குகிறேன். உங்களிடம் உள்ள 100 பிரதிகளும் பதிப்பாளர் அச்சிட்டு, அவர் கையாலேயே உங்களுக்குக் கொடுத்தவை. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 14-ஆம் பிரிவு உரிமையாளருக்குத் தருவது, ஏற்கெனவே புழக்கத்துக்கு வராத பிரதிகளை மக்களிடம் கொண்டுவரும் உரிமையை. ஒருமுறை முறைப்படி கைமாறிய பிரதியை அடுத்தவர் விற்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. மூர் மார்க்கெட் காலம் தொட்டு இன்றுவரை சென்னையில் பழைய புத்தகக் கடைகள் நடப்பது இதனால்தான். எழுதிய உங்களுக்கு மட்டும் அது எப்படிக் குற்றமாகும்? 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு, உண்மை. அது தெரிந்தே உரிமையை மீறுகிறவருக்கு. ஒழுங்காக வாங்கிய பிரதியை விற்பவருக்கு அல்ல. 250 ரூபாய் புத்தகத்தை 200-க்குக் கொடுக்கிறீர்கள் என்பதும் தவறாகாது. குறைத்து விற்க மாட்டேன் என்று நீங்கள் எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. புத்தகக் காட்சியில் கடைக்குக் கடை 10 சதவீதம் கழித்துத்தான் விற்கிறார்கள்.

மிரட்டுகிறவருக்கு எதிராகவும் அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ஆதாரமில்லாமல் காப்பிரைட் வழக்கு என்று மிரட்டினால், மிரட்டலுக்கு ஆளானவரே நீதிமன்றம் போய், தான் எதையும் மீறவில்லை என்று அறிவிக்கக் கேட்கலாம், மிரட்டலுக்குத் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். 60-ஆம் பிரிவு. உடனே வழக்குப் போடுங்கள் என்று சொல்லவில்லை. நீங்கள் எழுதப்போகும் கடிதத்தில் இந்த எண்ணைக் குறிப்பிட்டாலே பேச்சின் தொனி மாறும்.

இனி அந்த ஒற்றை வரிக்கு வருகிறேன். "பதிப்புரிமை" என்ற சொல்லுக்கு நம் பதிப்புலகத்தில் இரண்டு பொருள் புழங்குகிறது. ஒன்று, படைப்பின் மீதான முழு உரிமை. இன்னொன்று, அந்தப் பதிப்பை அச்சிட்டு வெளியிடும் உரிமை மட்டும். சட்டத்தின் தமிழ்ப் பெயரே பதிப்புரிமைச் சட்டம் என்பதால், முழு உரிமையும் எனக்கு வந்துவிட்டது என்று பதிப்பாளர் வாதிடுவார். அவர் அச்சிட்ட புத்தகத்திலேயே "உரிமை: ஆசிரியருக்கு" என்று போட்டிருக்கிறாரே, அப்படியானால் அவருக்குக் கொடுத்தது பதிப்பிக்கும் உரிமை மட்டும்தான் என்று நீங்கள் சொல்லலாம். அவர் கையாலேயே அச்சான வாசகம் அது. என் மதிப்பீட்டில் உங்கள் வாதமே வலுவானது. ஆனாலும் கையெழுத்துப் போட்ட தாள் என்று ஒன்று இருக்கும்போது, ஜெயித்தே தீருவீர்கள் என்று உறுதி தர மாட்டேன்.

அதனால் அவர் சொல்வதே சரி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு பார்ப்போம். அப்போதும் சட்டம் உங்களைக் கைவிடவில்லை. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும், காலமும் எல்லையும் ராயல்டியும் அதில் சொல்லப்பட வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே நிரப்பிக்கொள்ளும். ஆக, மிக மோசமான பொருளில் படித்தாலும் 2028 செப்டம்பரில் எல்லாம் உங்களிடம் திரும்பி வந்துவிடும். உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுக்கும் நீடிக்கிற உரிமை அம்மா இது. ஒற்றை வரியில் அதை யாரும் நிரந்தரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. பெற்றுக்கொண்ட உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரையில், அந்த உரிமை காலாவதியாகும். பதிப்பாளர் ஒலிப்புத்தகம் போட்டாரா? மின்னூல் போட்டாரா? இல்லை என்கிறீர்கள். அப்படியானால் குரலில் வாசித்து வெளியிடும் உரிமை அவரிடம் போயிருந்தாலும் 2024 செப்டம்பரோடு திரும்பிவிட்டது என்று நீங்கள் சொல்ல முடியும். வீடியோவை எடுக்க வேண்டாம். அவர் யூடியூபில் புகார் கொடுத்து, யூடியூப் வீடியோவை நீக்கி ஸ்ட்ரைக் என்ற எச்சரிக்கை அனுப்பினால், பதறாமல் எதிர்மறுப்பு (புகார் தவறு என்ற பதில் மனு) கொடுங்கள். அதற்கு வசதி அங்கேயே இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்வேன்: நாவல் முழுவதையும் இப்போது வாசித்துப் போட்டுவிடாதீர்கள். மூன்று அத்தியாயம் கேட்டவர் நான்காவதுக்காகப் புத்தகத்தைத் தேடி வரட்டும்.

இரண்டாம் பதிப்பில்தான் நிதானம் வேண்டும். அச்சிடும் உரிமையை அவர் பயன்படுத்தியிருக்கிறார், ஆகவே ஓராண்டு விதி அங்கே உதவாது. அவரிடம் எழுத்தில் கேட்காமல் வேறு அச்சகத்தில் அடித்தால், இன்று வெற்று மிரட்டலாக இருப்பதற்கு நீங்களே கைகால் கொடுத்ததாகும். முதலில் கடிதம். அவர் விடுவித்து எழுதிக் கொடுத்தால் தாராளமாகப் போடுங்கள். அப்போதும் அட்டை ஓவியத்தையும் பக்க வடிவமைப்பையும் அப்படியே எடுக்காதீர்கள், அவை வரைந்தவருடையதாகவோ பதிப்பகத்துடையதாகவோ இருக்கலாம். பழைய ஐஎஸ்பிஎன் எண்ணையும் (ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் அடையாள எண்) போடக் கூடாது. நீங்களே வெளியிட்டால் உங்கள் பெயரில் புதிய எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமில்லாமல் தருகிறது. தரகருக்கு இதற்கென்று பணம் கொடுக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்தது பணம் பற்றிய பகுதி. 300 பிரதிக்கு 62,000 என்றால் பிரதிக்கு 206 ரூபாய்க்கு மேல் வருகிறது. அச்சுச் செலவு முழுக்க நீங்கள் போட்டது. அந்தப் பிரதிகளிலேயே 60-ஐ 150 ரூபாய் வீதம் 9,000 ரூபாய்க்கு உங்களுக்கே விற்றிருக்கிறார். ஓய்வூதியப் பணத்தில் செய்தது இது. தன் கைப்பணத்தைப் போட்டு, விற்காவிட்டால் நஷ்டம் தனக்கு என்று புத்தகம் கொண்டுவருகிற பதிப்பாளர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் உரிமை கேட்பதில் நியாயம் உண்டு. இங்கே பதிப்பாளர் போட்ட பணம் எது?

ரசீதில் "தயாரிப்புச் செலவு" என்றிருப்பதால், 300 பிரதிகளும் உங்கள் செலவில் உங்களுக்காகத் தயாரானவை, உங்களுக்கு வந்தது போக மீதி 200-ஐ உங்கள் சார்பில் விற்றுக்கொடுக்கும் முகவர் அவர் என்று வாதிட இடமிருக்கிறது. முகவர் என்றால், கேட்டவுடன் முறையான கணக்குத் தர வேண்டியது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 213-ஆம் பிரிவுப்படி அவர் கடமை. வாட்ஸ்அப்பில் "விற்பனையில் 10 பர்சென்ட் தருவோம்" என்று அவர் எழுதியதும் உங்களிடம் இருக்கிறது. அந்தப் போனை மாற்றாதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நீட்டினால் நீதிமன்றத்தில் போதாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் சேர்க்க வேண்டும், அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது. பண வழக்குகளுக்குப் பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. தள்ளிப்போடாதீர்கள்.

நூலக ஆணையை, அதாவது அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவை, மறந்துவிடாதீர்கள். அரசு நூலகங்களுக்கு உங்கள் நாவல் வாங்கப்பட்டிருந்தால் பணம் பதிப்பகத்தின் பெயரில்தான் போயிருக்கும், உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அண்ணா சாலையில் உள்ள பொது நூலக இயக்ககத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: இந்தத் தலைப்பு, இந்த ஐஎஸ்பிஎன், எத்தனை பிரதி, எந்தத் தேதி, எவ்வளவு தொகை, யாருக்கு வழங்கப்பட்டது. 30 நாளில் பதில் வர வேண்டும். அப்படியே ஒருநாள் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கும் போய்க் கேளுங்கள். வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒன்று, கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கு ஒவ்வொன்று என்று பதிப்பாளர் தன் செலவில் அனுப்ப வேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். அனுப்பாததற்கு அபராதம் அற்பம்தான். ஆனால் உங்கள் புத்தகத்துக்கு அவர் என்ன உழைத்தார் என்பதற்கு அது ஒரு அளவுகோல்.

ஜிஎஸ்டி பயம் வேண்டாம். அச்சுப் புத்தகத்துக்கு வரி கிடையாது. வரிவிலக்குள்ள பொருளை மட்டும் விற்பவருக்குப் பதிவும் கட்டாயமில்லை. மின்னூல் விற்கத் தொடங்கினால் கதை வேறு, அப்போது கேளுங்கள். விற்பனையில் மிஞ்சும் லாபம் வருமானவரிக் கணக்கில் வரும், ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும்.

அடுத்த புத்தகக் காட்சியில் தெரிந்த கடைக்காரரிடம் பிரதிகளை வைக்கப்போவதாகச் சொன்னீர்கள். எத்தனை பிரதி, என்ன கழிவு, மீதியை எப்போது திருப்புவார் என்று சலான் எழுதி கையெழுத்து வாங்குங்கள். நண்பர்தானே என்று விடாதீர்கள், நந்தனம் மைதானத்தின் கூட்டத்தில் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. ஆன்லைனில் காசு கொடுத்து ஐந்து நட்சத்திர விமர்சனம் வாங்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்கவே கேட்காதீர்கள். வாசகரை ஏமாற்றும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் நடவடிக்கை உண்டு. உங்கள் நாவலுக்கு அது தேவையும் இல்லை. இரவு டியூட்டியில் டிரங்க் கால் இணைத்துக் கொடுத்த உங்கள் தலைமுறைப் பெண்கள் ஆயிரக்கணக்கானவர்கள் இந்த ஊரிலேயே ஓய்வில் இருக்கிறார்கள். அவர்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு மேசை போடுங்கள்.

கடிதத்தை நீங்களே எழுதலாம். கோபமில்லாமல் எழுதுங்கள். 2024 ஜனவரி முதல் இன்றுவரை விற்ற பிரதி, இருப்பு, நூலக ஆணை, வரவு ஆகியவற்றின் கணக்கை 15 நாளுக்குள் தரவும்; உரிமை ஆசிரியருக்கே என்று நூலிலேயே அச்சிட்டிருப்பதால் படைப்பின் உரிமை என்னிடமே உள்ளது; என்னிடமுள்ள பிரதிகளை விற்பதும் நான் வாசிப்பதும் மீறல் அல்ல; இருப்புப் பிரதிகளைத் திருப்பிக் கொடுத்து, இரண்டாம் பதிப்புக்கு என்னை விடுவித்து எழுதித் தரவும். இவ்வளவு போதும். 60-ஆம் பிரிவைக் கடைசி வரியில் சேர்த்து, ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பி, அதே நாளில் வாட்ஸ்அப்பிலும் படமாக அனுப்புங்கள்.

15 நாளில் பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்ற வளாகத்துக்கு வாருங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. வழக்குக்கு முன்பே இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசி முடிக்கவும் அங்கே வழியிருக்கிறது. வரும்போது அந்த ரசீதின் அசலைக் கொண்டுவாருங்கள். அதை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள், பதிப்பாளர் "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று கேட்டாலும்.