குமரியில் காட்டு வனிலா பயிரிடலாமா?

வனிலா அழுகிப் போகிறதே, காட்டு வனிலாவை நட்டால் தாங்குமா, விலை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வறட்சியைத் தாங்கும், விலை போகாது. ஆனாலும் வளர்க்க வேண்டும் என்பேன்.

2003-ல் வனிலா விலை உச்சத்தில் இருந்தபோது, குலசேகரம் பக்கம் எங்கள் விளையில் (தோட்டத்தில்) நல்லமிளகு படர்ந்த முருக்கு மரங்களில் அப்பா வனிலாவையும் ஏற்றிவிட்டார். அது பூக்க மூன்று வருஷம் ஆனது. அதற்குள் விலை விழுந்துவிட்டது. பூ ஒரு நாள்தான் நிற்கும் என்பதால் அம்மா விடிந்ததும் ஈர்க்கிலோடு போய் ஒவ்வொன்றாக மகரந்தச் சேர்க்கை செய்வார். அப்புறம் ஒரு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் வேர்கள் பழுத்து அழுகின. கொடி மேலிருந்து புது வேர் விட்டுப் பிழைக்கப் பார்க்கும், அதுவும் அழுகும். பார்க்கவே மனசு கேட்காது.

ஃபியூசேரியம் என்ற பூஞ்சை செய்யும் வேலை அது. நாம் வளர்க்கும் வனிலா விதையில் வந்ததல்ல, தண்டை வெட்டி வெட்டி நட்டது. அதனால் எல்லாக் கொடியும் ஏறக்குறைய ஒரே கொடிதான். ஒன்றுக்கு வந்த நோய் விளை முழுக்கப் பரவும்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் இருக்கும் வைட்டியானா, வாக்கரே போன்ற காட்டு இனங்களுக்கு இலை பேருக்குத்தான். பச்சைத் தண்டே இலையின் வேலையைச் செய்யும், தண்ணீரையும் சேர்த்து வைக்கும். ஆனால் வாசனைக் காய் அமெரிக்கக் கண்டத்து இனங்களுக்கே உரியது, அதனால் இவற்றின் காயை வாங்க ஆள் இல்லை.

இவற்றின் மதிப்பு கலப்பினத்தில் இருக்கிறது. கோழிக்கோட்டு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில், அஃபில்லா என்ற இலையில்லா இனத்தைச் சாகுபடி வனிலாவோடு கலந்து கலப்பினம் உருவாக்கியிருக்கிறார்கள். அழுகலைத் தாங்கும் அடுத்த ரகம் வர வேண்டுமானால் இந்தக் கொடிகள் உயிரோடு இருக்க வேண்டும். கற்குவாரியும் வீட்டு மனையும் இவை வளரும் புதர்க்காட்டைத் தின்றுகொண்டே போகின்றன. எனக்கு உண்மையான பயம் அதுதான்.

தயவுசெய்து காட்டிலிருந்து பிடுங்காதீர்கள். நம் மலையில் பெரும்பகுதி வன உயிரினச் சரணாலயம், அது குற்றம். தனியார் விளையில் வேலியோரம் தானாக ஏறிய கொடி இருந்தால், கேட்டு ஒரு துண்டு வாங்குங்கள். நான் அப்படித்தான் இரண்டு முழம் வாங்கி, பாறையோரப் பூவரசில் கட்டினேன். போன பங்குனி வெயிலில் ஒரு வாளி தண்ணீர்கூட ஊற்றவில்லை. நல்லமிளகு வாடிய அதே இடத்தில் அது பச்சையாக நின்றது. இன்னும் பூக்கவில்லை.