யார் வைத்த பெயர்?

அன்புள்ள ஐயா,

தாத்தா ஏற்காட்டில் காபி எஸ்டேட் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். பெரியப்பா சிபிஐ (இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி), அப்பா சிபிஎம் (அதிலிருந்து பிரிந்த மார்க்சிஸ்ட் கட்சி). சித்தப்பா மகன் இரண்டு பேரையுமே 'திருத்தல்வாதிகள்', அதாவது மார்க்சியத்தை நீர்த்துப்போகச் செய்தவர்கள் என்கிறான். பொங்கலுக்குக் கூடினால் சண்டைதான். யார்தான் உண்மையான இடதுசாரி? இந்தப் பெயர்களுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

ஒரு வாசகர், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

அர்த்தம் இருக்கிறது. ஆனால் யார், யாரை, எந்தச் சண்டையில் அப்படிச் சொன்னார்கள் என்று பார்த்தால்தான் அது தெரியும்.

திருத்தல்வாதி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964ல் கட்சி உடைந்தபோது சிபிஎம்காரர்கள் சிபிஐயைப் பார்த்துச் சொன்னது அது. 1967ல் மேற்கு வங்கத்தில் நக்சல்பாரி விவசாயிகளின் ஆயுத எழுச்சி வந்தது. அதன் வழியில் போனவர்கள் அதே சொல்லை சிபிஎம் மீது வீசினார்கள். 'வலது கம்யூனிஸ்ட்' என்பதும் அப்படித்தான். சிபிஐக்காரர் யாராவது தன்னை வலது என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அதற்காகச் சண்டையே வெறும் சொல் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். காங்கிரசோடு எவ்வளவு தூரம் சேர்ந்து போகலாம் என்பது நிஜமான கேள்வி. நான் வளர்ந்த சேலம் குகைப் பகுதியில் பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இருவரும் நெசவாளர்கள். ஒரே திண்ணையில் அண்ணன் சிபிஐ பத்திரிகையான ஜனசக்தி படிப்பார், தம்பி சிபிஎம்மின் தீக்கதிர். 1975ல் காங்கிரஸ் அரசு கொண்டுவந்த நெருக்கடி நிலையை அண்ணனின் கட்சி ஆதரித்தது, தம்பியின் கட்சி எதிர்த்தது. அந்த 21 மாதமும் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணி மட்டும் எப்போதும்போல இரண்டு தறிக்கும் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆதரவு தவறு என்று 1978ல் பட்டிண்டா மாநாட்டில் சிபிஐயே ஒப்புக்கொண்டது. என் மனதில் தம்பி பக்கம்தான் நியாயம். ஆனால் தவறை வெளிப்படையாகச் சொன்ன கட்சியையும் நான் மதிக்கிறேன்.

அப்புறம், நீங்கள் மலையிறங்கிச் சேலத்துக்குள் வரும்போது அஸ்தம்பட்டியில் மத்திய சிறை இருக்கிறது அல்லவா? 1950 பிப்ரவரி 11 அன்று அதற்குள் 22 கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் மலபார் பக்கத்து ஆட்கள். குற்றவாளிகளாக அல்ல, அரசியல் கைதிகளாக நடத்துங்கள் என்று கேட்டவர்கள். அதுவும் ஒரு பெயருக்கான போராட்டம்தான். கட்சியின் 1948 கல்கத்தா மாநாடு எடுத்த ஆயுதப் புரட்சிப் பாதையில் நடந்து சிறைக்கு வந்தார்கள். அந்தப் பாதையைக் கட்சியே சீக்கிரம் கைவிட்டது, 'இடது குறுங்குழுவாதம்', அதாவது மக்களிடமிருந்து விலகிப்போன தீவிரப் போக்கு என்று அதற்குப் பெயரும் வைத்தது. செத்தவர்களை அந்தப் பெயரில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்று இரண்டு கட்சிகளுமே அவர்களைத் தங்கள் தியாகிகள் என்றுதான் சொல்கின்றன.

சரி, அடுத்த பொங்கலுக்குச் சித்தப்பா மகனிடம் ஒன்று கேளுங்கள். எஸ்டேட் கூலி விஷயத்தில் அப்பா எதை, எப்போது விட்டுக்கொடுத்தார்? அவன் ஒரு வருஷத்தையும் ஒரு ஒப்பந்தத்தையும் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். பெரியப்பாவையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள்.

அன்புடன்