நோட்டீஸில் இருந்த சொல்லும் கடிதத்தில் இருந்த கறையும்

கேள்வி: எனக்கு வயது 56. புற்றுநோய்ப் பரிசோதனை பற்றி வந்த நோட்டீஸில் ‘கர்ப்பப்பை வாய் உள்ளவர்கள் அனைவரும் வாருங்கள்’ என்று போட்டிருந்தார்கள். ‘பெண்கள்’ என்று எழுத என்ன தயக்கம்? நாங்கள் வெறும் உறுப்பா? கோபத்தில் நான் போகவில்லை. எப்படியும் மூன்று வருடத்துக்கு முன் பாப் ஸ்மியர் எடுத்து நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். என் தங்கை பிள்ளை திருநம்பி, அதாவது பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவன், வயது 34. ‘உங்களுக்காகத்தான் எங்கள் பெயரை அழிக்கிறார்களா’ என்று அவனிடமே கேட்டுவிட்டேன். அதிலிருந்து அவன் என்னிடம் பேசுவதில்லை. எனக்கு இரவில் வியர்க்கிறது, முடி கொட்டுகிறது. வெள்ளைப்படுதல் புற்றுநோயின் அறிகுறி என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். மாதவிலக்கு நின்று நான்கு வருடம் ஆகிறது. நடுவில் இரண்டு முறை லேசாகக் கறை பட்டது, மகள் வைத்திருந்த மாத்திரையைப் போட்டதும் நின்றுவிட்டது. இந்தச் சொல் விவகாரத்தில் டாக்டர்கள் ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்?
– ஒரு வாசகி

பதில்:

முதலில் அந்தக் கறையைப் பேசிவிடுவோம். நான்கு பக்கக் கடிதத்தில் அதற்கு இரண்டே வரிதான் கொடுத்திருக்கிறீர்கள், அதுவும் முடி கொட்டுவதற்கு அப்புறம். அந்த இடத்தில் மட்டும் உங்கள் கையெழுத்து சின்னதாகியிருக்கிறது. ‘லேசாக’ என்று எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது நோட்டீஸ் இல்லை என்று நினைக்கிறேன், அம்மா.

தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால் மாதவிலக்கு நின்றுவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் சரி, பழுப்பாகக் கறை பட்டாலும் சரி, துடைக்கும்போது இளஞ்சிவப்பாகத் தெரிந்தாலும் சரி, அதை மாதவிலக்குக் கணக்கில் சேர்க்க முடியாது. வயதானால் இப்படித்தான் என்று விடவும் முடியாது. ஏன் வந்தது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

பெரும்பாலும் காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும். ஹார்மோன் குறைந்து உள்சுவர் மெலிந்து, அதில் சின்னப் புண் ஏற்பட்டிருக்கலாம். பாலிப் என்கிற சிறு சதை வளர்ந்திருக்கலாம். ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு கசிவோடு வருகிறவர்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்குக் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் இருக்கிறது. அந்த ஒருவர் யார் என்று முகத்தைப் பார்த்தோ கடிதத்தைப் படித்தோ சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. இதே கணக்கை மறுபக்கத்திலிருந்து பாருங்கள்: உட்சுவர்ப் புற்றுநோய் வந்தவர்களில் 10 பேரில் சுமார் 9 பேருக்குக் கசிவு இருந்திருக்கிறது. இவ்வளவு சீக்கிரமாக, இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வருகிற புற்றுநோய்கள் அதிகம் இல்லை. கர்ப்பப்பையைத் தாண்டுவதற்கு முன் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு இருக்கிறார்கள். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன், உங்களைப் பயமுறுத்த அல்ல.

பாப் ஸ்மியர் நார்மல் என்று தைரியமாக இருக்கிறீர்களே, அங்கேதான் தவறு. நம் மொழியில் இந்த உறுப்பின் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. அது ஒரு பை, அந்தப் பைக்கு ஒரு வாய். பாப் ஸ்மியரில் வாய்ப் பகுதியிலிருந்துதான் செல்களை வழித்து எடுக்கிறோம். பைக்குள் என்ன நடக்கிறது என்று அது நம்பும்படி சொல்லாது. மூன்று வருடத்துக்கு முன் எடுத்ததும் சொல்லாது, நேற்று எடுத்திருந்தாலும் சொல்லாது.

அப்புறம் அந்த மாத்திரை. மாதவிலக்கைத் தள்ளிப்போட மகள் வாங்கி வைத்திருந்ததை எடுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் ஹார்மோன் மாத்திரையாக இருக்கும். கசிவை நிறுத்தும், கசிவின் காரணத்தைத் தொடக்கூடத் தொடாது. திருடன் வந்திருக்கிறான் என்று குரைத்த நாயின் வாயைக் கட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொண்ட மாதிரி. இனிமேல் ஒரு மாத்திரைகூடப் போடாதீர்கள். இதை நான் கோபமாகவே சொல்கிறேன். அடுத்தவர் மாத்திரையால் கறை நின்று, ஒரு வருடம் கழித்து வந்து உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரமே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். உள்வழியாக ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். உட்சுவரின் தடிமன் 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் புற்றுநோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் உங்களுக்கு இரண்டாம் முறையும் பட்டிருக்கிறது. அதனால் ஸ்கேன் நன்றாக இருந்தாலும் மெல்லிய குழாயை உள்ளே விட்டுக் கொஞ்சம் திசு எடுத்துப் பார்ப்பதுதான் சரி. பலருக்கு அங்கேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாதவிலக்கு வலி போல ஒரு இழுப்பு இருக்கும், சிலருக்கு நன்றாகவே வலிக்கும். வலி மருந்து வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வியர்வையும் முடி கொட்டுவதும் இந்த வயதில் சகஜம். மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆனால் கறையைச் சொன்ன பிறகு. வெள்ளைப்படுதல் என்றாலே புற்றுநோய் இல்லை, ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு புதிதாக வந்தாலோ, நாற்றமோ ரத்தமோ கலந்து வந்தாலோ பார்க்க வேண்டும். அந்த யூடியூப்காரர் வெள்ளைப்படுதலைச் சொல்லி அவ்வளவு பயமுறுத்தினாரே, மாதவிலக்கு நின்ற பின் வரும் கறையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? பயப்பட வேண்டாததற்குப் பயந்து, பார்க்க வேண்டியதை மாத்திரை போட்டு மூடிவிட்டீர்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

உங்கள் கோபத்தை நான் தள்ளவில்லை. பெண்ணைப் பெண் என்று சொல்லாமல் உறுப்பின் பெயரால் கூப்பிட்டால் வலிக்கத்தான் செய்யும். 2021 செப்டம்பரில் ‘லான்செட்’ மருத்துவ இதழ் தன் அட்டையில் ‘யோனி கொண்ட உடல்கள்’ என்று அச்சிட்டது. அந்த உடல்களின் அமைப்பும் இயக்கமும் வரலாறு நெடுக அலட்சியப்படுத்தப்பட்டன என்று சொன்ன வரி அது. சொல்ல வந்தது பெண்களுக்கு நடந்த அநியாயத்தை, ஆனால் அந்த வரியில் பெண் என்ற சொல்லே இல்லை. எதிர்ப்பு பெரிதாகி ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார். பெண்களுக்கு ஏன் அவ்வளவு உறைத்தது என்று புரிய இன்னும் பின்னால் போக வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977-இல், கருத்தரிக்கக்கூடிய வயதிலுள்ள பெண்களைப் புது மருந்துகளின் ஆரம்பகட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. 1993-இல்தான் அதைத் திரும்பப் பெற்றது. ஆராய்ச்சியில் ஒரு முறை விடுபட்டவர்கள், நோட்டீஸிலும் விடுபட்டால் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மருத்துவராக எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. ‘கர்ப்பப்பை வாய் உள்ளவர்கள்’ என்றால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு அம்மாவை இந்தப் பரிசோதனைக்கு அழைத்தபோது, ‘எனக்கு வாயில் ஒரு புண்ணும் இல்லையே டாக்டர்’ என்றார். பேரப்பிள்ளை எடுத்தவர், நான்கு பிள்ளை பெற்றவர். அவருக்கு அந்தச் சொல்லை யாரும் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான். ‘அந்த இடம்’ என்றே சொல்லி வாழ்நாளைக் கழித்தவரிடம் உறுப்பின் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டால், அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். ‘பெண்களே’ என்று ஆரம்பித்தால் திரும்பிப் பார்ப்பார்.

ஆனால் அந்த நோட்டீஸை எழுதியவர் யாரை நினைத்து எழுதினார் என்பதையும் கேளுங்கள். 2019-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு சம்பவம் வெளியானது. 32 வயது ஆண் ஒருவர் கடும் வயிற்றுவலியோடு அமெரிக்காவில் ஒரு அவசரப் பிரிவுக்கு வந்தார். பதிவேட்டில் ஆண் என்று இருந்தது. தான் திருநம்பி என்றும், வீட்டில் செய்துபார்த்த கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் என்றும் அவரே சொன்னார். செவிலியர் கேட்டுக்கொண்டார். ஆனால் மனதில் பதிந்தது, ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்ட பருமனான ஒரு ஆண் என்பதுதான். அவசரமில்லை என்று உட்காரவைத்தார்கள். சில மணி நேரம் கழித்துப் பரிசோதித்தபோது தொப்புள்கொடி நழுவி வெளியே வந்திருந்தது. குழந்தை இறந்தே பிறந்தது. அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. ‘ஆண்’ என்ற ஒரு சொல், அவர் வாய்விட்டுச் சொன்னதையும் மூடிவிட்டது.

சொல் தப்பான இடத்தில் நின்றால் இரண்டு பக்கமும் ஆட்கள் விடுபடுகிறார்கள். இங்கிலாந்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கான அழைப்புக் கடிதம் பதிவேட்டைப் பார்த்துப் போகும். அங்கே ஆண் என்று பதிந்துகொண்ட திருநம்பிக்கு உறுப்பு இருந்தும் கடிதம் தானாக வராது. பெண் என்று பதிந்துகொண்ட திருநங்கைக்கு உறுப்பு இல்லாமலேயே வரும். ‘பெண்கள் அனைவரும்’ என்பதுகூட மருத்துவக் கணக்குக்கு முழுதாகப் பொருந்தாது. ‘கர்ப்பப்பையை எடுத்தாச்சு’ என்று சொல்கிற பெண்களில் சிலருக்கு வாயையும் சேர்த்து எடுத்திருப்பார்கள், சிலருக்கு வாய்ப் பகுதியை விட்டு வைத்திருப்பார்கள். விட்டு வைத்தவர்களுக்குப் பரிசோதனை தேவை. பழைய டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் என் கட்சி இதுதான்: ‘பெண்கள்’ என்ற சொல்லை எடுக்காதீர்கள், பக்கத்தில் இன்னொரு வரி சேருங்கள். ‘பெண்களே, 30 வயது கடந்துவிட்டால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு வாருங்கள். திருநம்பிகளுக்கும் கர்ப்பப்பை வாய் உள்ள மற்றவர்களுக்கும் இதே பரிசோதனை உண்டு.’ இதில் யார் பெயர் அழிந்தது? 2021-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் மருத்துவமனைகளின் பிரசவப் பிரிவு ‘பெண்களும் பிரசவிக்கும் மற்றவர்களும்’ என்று சேர்த்துத்தான் எழுதச் சொன்னது. ‘அம்மா’ என்ற சொல்லையே தடை செய்துவிட்டார்கள் என்று செய்தி பறந்தது. சேர்ப்பதை அழிப்பது என்று சொல்லிச் சண்டை மூட்டுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை.

நம் தமிழில் இது பாதி வேலை முடிந்த மாதிரிதான். ‘பிரசவத்துக்கு வருபவர்கள்’, ‘பால் கொடுப்பவர்கள்’ என்று காலம்காலமாக எழுதுகிறோம். அந்த ‘அவர்கள்’ யாரையும் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை, அதைப் பார்த்து யாரும் கோபப்பட்டதும் இல்லை. ‘பெண்’ இருந்த இடத்தில் உறுப்பைக் கொண்டுபோய் வைக்கும்போதுதான் மனசு நோகிறது.

உங்கள் தங்கை பிள்ளைக்கு வருகிறேன். அவர் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் எடுத்துக்கொண்டிருந்தால் மாதவிலக்கு பெரும்பாலும் நின்றிருக்கும், ஆனால் கர்ப்பப்பையும் அதன் வாயும் அறுவை சிகிச்சை செய்யாதவரை அங்கேயேதான் இருக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது, அதில் 16, 18 என்ற இரண்டு வகைகளால் மட்டும் சுமார் 70 சதவீதம். வைரஸ் பதிவேட்டைப் பார்த்து வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 30 வயதிலிருந்து எச்.பி.வி. பரிசோதனை செய்யச் சொல்கிறது. அவருக்கு 34 ஆகிவிட்டது. டெஸ்டோஸ்டிரோனால் அந்த இடம் வறண்டுபோவதால் வழக்கமான பரிசோதனை அவருக்கு அதிகம் வலிக்கலாம், எடுத்த செல்களும் போதாமல் போகலாம். பல இடங்களில் இப்போது தானே பஞ்சுக்குச்சியால் எடுத்துக் கொடுக்கும் வசதி வந்திருக்கிறது. இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு அவருக்கும் ரத்தம் பட்டால், உங்களைப் போல மூடி வைக்கக்கூடாது.

பெண்கள் வரிசையில் தாடியோடு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். எல்லோரும் பார்ப்பார்கள், பெயரைக் கூப்பிடும்போது மறுபடியும் பார்ப்பார்கள். அதற்குப் பயந்தே வராதவர்கள் உண்டு. நீங்கள் கேட்ட கேள்வியில் இருந்த ‘உங்களுக்காக’ என்ற சொல் அவரை இன்னும் கொஞ்சம் தூரத் தள்ளியிருக்கும். நீங்களே போன் செய்யுங்கள். மன்னிப்புக் கேட்பது கஷ்டமாக இருந்தால், ‘எனக்கு ஸ்கேன் எடுக்கப் போகணும், துணைக்கு வா’ என்று மட்டும் சொல்லுங்கள். போகிற இடத்தில் அவருக்கும் பார்த்துக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் போனதும் முதல் வாக்கியமாக, ‘மாதவிலக்கு நின்று நான்கு வருடம் ஆகிறது, இரண்டு முறை ரத்தம் பட்டிருக்கிறது’ என்று சொல்லுங்கள். ‘லேசாக’ வேண்டாம். எந்தத் தேதிகளில் பட்டது, எத்தனை நாள் மாத்திரை போட்டீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாமல், காலியாக இருந்தாலும் கையோடு கொண்டுபோங்கள்.